அண்ணன் கொடுக்காத பால்

அன்று காலை ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்தவர்கள்: பிறந்து எழுபத்தேழு நாள் ஆகியிருந்த என் மகள் ஹரிணி. அவளைப் பெற்ற நான். என் கணவர். என் மாமியார். என் அண்ணன். அண்ணி. பச்சை உடுப்பு போட்ட ஒரு நர்ஸம்மா. ஆக ஏழு பேர். எட்டாவதாக யாரும் இல்லை. 'நான் அங்கேதான் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்' என்று பின்னாளில் சொன்ன உறவினர்கள் சிலர் உண்டு. அவர்கள் மனம் நோகவேண்டாம். ஆனால் அவர்கள் அங்கே இல்லை.

இது என் அண்ணனின் முதல் வருஷ நினைவு மலர். நினைவு மலர் என்றால் பிறந்த இடம், பெற்றோர் என்றுதான் ஆரம்பிக்கவேண்டுமாம். அச்சகத்துக்காரரும் அப்படித்தான் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு முறை தெரியாது. மூன்று தடவை முறையாக எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அந்த நாள் வரும் இடத்தில் பயந்துபோய் வேறு எதையோ எழுதி முடித்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தடவை ஆட்களை முதலிலேயே நிறுத்திவிட்டேன். இனி ஓட முடியாது.

என் அண்ணன் ராயப்பேட்டையில் பிறந்தார். அப்பா கைவண்டி இழுத்தவர். அம்மா மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். அண்ணனுக்குப் பதினான்கு வயதாகும்போது அப்பா தவறிவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு அண்ணன் சைக்கிள் கடையில் சேர்ந்தார். அப்புறம் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டினார். கடைசியில் தண்ணீர் கேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் இரண்டு கேன் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தவர், பிறகு மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வாங்கினார். மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம் அடுக்குமாடிகள் எல்லாம் அவர் லைன். லிப்ட் இல்லாத மூன்று மாடிக்கு மற்ற கேன்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அண்ணன் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று ஏறிவிடுவார்.

என்னைப் படிக்க வைக்க அவர் ரொம்ப ஆசைப்பட்டார். நான்தான் நின்றேன். பரீட்சை மணி அடித்தால் எனக்குக் கண் இருட்டும். இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பவள் நான். அண்ணன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "இவ பொறக்கும்போதே ஆம்புலன்ஸ் நம்பர கையில புட்ச்சிகினு பொறந்தா." எத்தனை கேலி செய்தாலும் நான் போன் செய்தால் முதல் மணியிலேயே எடுப்பார்.

என் கல்யாணத்துக்கு முன்பே அம்மாவும் போய்விட்டார். அதனால் என் தாய்வீடு என்பது அண்ணன் வீடுதான். தலைப்பிரசவத்துக்கு ஆதம்பாக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து அங்கேதான் வந்தேன். அண்ணி எனக்குப் பத்தியச் சோறு போட்டார். எனக்கு மூன்றாவது வாரமே பால் வற்றிவிட்டது. பால் பவுடரைக் கரைத்து, சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடையில்தான் ஊட்டினோம். குழந்தையின் மேல் மின்விசிறி விழுந்துவிடுமோ, எறும்பு காதுக்குள் போய்விடுமோ என்று நான் பயப்படாத பயம் இல்லை. பயப்படவேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. ஏனென்றால் அது எனக்குத் தெரியவே இல்லை.

கண்டுபிடித்தவர் அண்ணன்தான். மஞ்சள் காமாலை வந்துவிடக் கூடாது என்று குழந்தையைக் காலை வெயிலில் காட்டுவோம். ஐம்பதாவது நாளோ என்னவோ, வண்டி எடுக்கப் போகும் முன் அவர் குழந்தையை வாசலில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏ பாப்பா, இங்க வா. கொயந்த கண்ணுக்குள்ள இன்னாமோ வெள்ளையா கீது பாரு."

"பால் பட்டிருக்கும்ணா."

"பாலு கண்ணுக்குள்ள எப்டி போவும்? கருவிழிக்கு நடுவுல கீது. தொடச்சாலும் போவல."

தண்ணீர் கேனின் நீல மூடி ஒன்றை நூலில் கட்டிக் குழந்தையின் முகத்துக்கு நேராக ஆட்டினார். ஹரிணி எங்கேயோ பார்த்தபடி இருந்தாள். "ராஜாத்தி, மாமன் இங்க கீறேன்டா" என்று குரல் கொடுத்ததும் டக்கென்று திரும்பினாள். மறுபடியும் சத்தம் போடாமல் மூடியை ஆட்டினார். திரும்பவில்லை. அண்ணன் அந்த மூடியைக் கையில் சுருட்டிக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அன்று லைனுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனார்.

போன இடத்தில் மயிலாப்பூரில் தண்ணீர் வாங்கும் ஒரு மாமியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த மாமிதான், "நாளைக்குன்னு வெச்சுக்காதேப்பா, இன்னிக்கே அழைச்சுண்டு போ. கேனெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்" என்று டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே தி.நகர் பக்கம் இருந்த அந்தக் கண் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் வெள்ளையா இருக்கும்மா. பிறவிலயே வந்த புரை. பெரியவங்களுக்குன்னா நாள் தள்ளலாம், ஒண்ணும் ஆகாது. இது அப்படி இல்ல. மூளை பாக்கக் கத்துக்கிற வயசு இது. இப்ப வெளிச்சம் உள்ள போகலைன்னா, அப்புறம் நாங்க எவ்வளவு நல்லா ஆபரேஷன் பண்ணாலும் மூளை அந்தக் கண்ணைக் கண்டுக்காது."

"மயக்க மருந்து குடுப்பீங்களா டாக்டர்?"

"குடுக்காம எப்படிம்மா?"

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. ரொம்ப ஜாக்கிரதையா பண்ணுவோம்னு சொல்ல முடியும்."

அந்த அம்மா உண்மையைத்தான் சொன்னார். ஆனால் என்னைப் போன்றவளுக்கு அந்த முதல் பாதி போதும். இரண்டாவது பாதி என் காதில் ஏறவே இல்லை.

என் மாமியாரை ஒத்துக்கொள்ள வைக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. "அதெல்லாம் பூ. தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா போய்டும். பச்சப் புள்ளைய கத்திக்குக் குடுன்றான் உங்க அண்ணன். தண்ணி கேன் போடறவனுக்குக் கண்ணு வைத்தியம் இன்னா தெரியும்?" என்பார். அண்ணன் ஆதம்பாக்கத்துக்கு ஆறேழு தடவை நடந்தார். என் கணவரிடம் அந்த நீல மூடியை ஆட்டிக் காட்டினார். அதற்கப்புறம்தான் என் கணவர் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். "ஒரே ஒரு தடவைதான். அன்னிக்கு நடக்கலேன்னா அதுக்கு மேல எங்க அம்மாவ என்னால சமாளிக்க முடியாது" என்றார்.

இனி அந்த நாள்.

விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு குழந்தைக்குப் பால் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இரண்டரை மணிக்கு ஊட்டியதோடு நிறுத்தினோம். எட்டு மணிக்கு உள்ளே எடுப்பதாக இருந்தது. அவசரமாக வேறொரு குழந்தை வந்துவிட்டதால் எங்கள் முறை தள்ளிப்போனது. ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. ஹரிணி பசியில் அழுது அழுது குரல் அடைத்து, கடைசியில் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

எனக்குள் என்ன ஓடியது என்றால், மயக்க மருந்து பெரிய ஆளையே சாய்த்துவிடும், வெறும் வயிற்றில் கொடுத்தால் இந்த உயிர் எப்படித் தாங்கும் என்பதுதான். நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் செய்தேன். ஆபரேஷன் முடிந்ததும் ஊட்டுவதற்காகப் பையில் பிளாஸ்க்கில் வெந்நீர், பவுடர், பாலாடை எல்லாம் இருந்தன. தாய்மார்களுக்கென்று திரை போட்ட ஒரு மூலை இருந்தது. உள்ளே போய் இரண்டு பாலாடை கொடுத்தேன். குடித்தாள். உடனே தூங்கிவிட்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே அண்ணன் நின்றார். என் முந்தானைக்குள் இருந்த பாலாடையை மறைக்க எனக்கு நேரமில்லை. அவர் அதையும் என் முகத்தையும் பார்த்தார். அதற்குள் நர்ஸம்மா வந்துவிட்டார்.

"பேபி கடைசியா எப்ப பால் குடிச்சுது?"

"ரெண்டரைக்கு" என்றார் என் கணவர்.

"அதுக்கப்புறம் ஒண்ணும் குடுக்கலையே?" என்று நர்ஸம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

பால் கொடுத்ததைக்கூட யாராவது மன்னிக்கலாம். அது தெரியாத்தனம். இந்தத் தலையாட்டல் அப்படி இல்லை. தெரிந்தே ஆட்டினேன். மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார் என்ற பயத்தில் ஆட்டினேன். நர்ஸம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தார். கதவு பாதி மூடிவிட்டது.

அண்ணன் ஓடினார்.

"சிஸ்டர், நில்லுங்க! கொயந்த பால் குட்ச்சிகீது!"

நர்ஸம்மா அப்படியே நின்றார். "யாரு குடுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சிஸ்டர். அய்வுதேன்னு குட்த்துட்டேன். ரெண்டு பாலாடை."

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அன்று ஆபரேஷன் கிடையாது என்றார். மயக்கத்தில் வயிற்றுப் பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போயிருக்கும், மேஜையிலேயே குழந்தையை இழந்திருக்கக்கூடும் என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "குடுத்தது பெரிய தப்பு. ஆனா சொன்னீங்க பாருங்க, அதனாலதான் குழந்தை இப்ப உயிரோட இருக்கு" என்றார். எங்கள் வீட்டாருக்கு அந்தப் பேச்சில் முன்பாதி மட்டும்தான் கேட்டது. அந்த வகையில் அவர்களும் என்னைப் போலத்தான்.

என் கணவர் அண்ணனை அறைந்தார். இரண்டு தடவை. நாள் முழுக்க கேன் தூக்கும் கை அண்ணனுடையது, அதை அவர் கட்டிக்கொண்டே நின்றார். மாமியார், "மாமன்காரனா நீ, எமன்காரன்டா" என்று வரவேற்பறை வரை கேட்கும்படி கத்தினார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் அண்ணனைத் தனியாகப் பிடித்தேன்.

"ண்ணா, நான் சொல்லிடறேன்ணா."

"வாய மூடு. பெத்தவளே ஆப்ரேசன் வோணாம்னு பால் குட்த்துட்டான்னு சொல்லி உன் மாமியா கொயந்தைய தூக்கிகினு போய்டும். அப்பறம் ஆப்ரேசனும் கெடியாது ஒண்ணும் கெடியாது. நான்னா இன்னா, ரெண்டு அடி. அது வாங்கியாச்சு. என் மேல கீற ஆத்திரத்துலயே உன் புருசன் அட்த்த தேதி வாங்கிடுவாரு, பாரேன்."

"எத்தினி நாளைக்குண்ணா இத மறைக்கறது?"

"கண்ணு வந்ததும் நீயே சொல்லிக்க. அப்ப யாரும் கோச்சிக்க மாட்டாங்கோ, எல்லாம் சிரிப்பாங்கோ. அத்த இப்டி குடு." என் கையிலிருந்த பாலாடையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதில் முதல் பாதி பலித்தது. அண்ணனுக்குக் காட்டவேண்டும் என்ற வீம்பிலேயே என் கணவர் அடுத்த வாரத்துக்குத் தேதி வாங்கினார். ஆனால் அந்த வாரம் ஹரிணிக்குச் சளி கட்டியது. சளி நெஞ்சுக்கு இறங்கி, குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தோம். தேறி வந்த பிறகும் மூச்சு முழுசாகச் சரியாகாமல் மயக்கம் கொடுக்க முடியாது என்றார்கள். அது சரியானபோது ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் வேண்டாம் என்று மாமியார் கதவை அடைத்துக்கொண்டார். முதலில் வலது கண்ணுக்கும் ஒரு வாரம் கழித்து இடது கண்ணுக்கும் ஆபரேஷன் நடந்தபோது அவளுக்கு நாலரை மாதம் முடிந்திருந்தது.

கட்டுப் பிரித்துக் குண்டுக் கண்ணாடி மாட்டிய பிறகு, அண்ணன் கொடுத்தனுப்பிய நீல மூடியை நானே ஆட்டினேன். வலது கண் அதன் பின்னாலேயே போனது. நான் அழுதேன். பிறகு வலது கண்ணைக் கையால் மறைத்துவிட்டு ஆட்டினேன். இடது கண் ஊசலாடிக்கொண்டே இருந்தது, எதையும் பிடிக்கவில்லை.

இடது கண்ணைப் பழக்க, நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்துவைக்கவேண்டும். தினம் சில மணி நேரம், வருஷக்கணக்காக. ஒட்டுப் போட்டால் அவளுக்கு உலகமே இருண்டுவிடும். பிய்த்துப் பிய்த்து எறிவாள், கன்னத்துத் தோல் உரியும். கையைக் கட்டிப் போட்ட நாளும் உண்டு. நாலு வயதில் அந்தக் கண்ணில் அழுத்தம் ஏறி, இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது.

போகும்போதெல்லாம் டாக்டரம்மாவிடம் கேட்பேன். "அன்னிக்கே பண்ணியிருந்தா இந்தக் கண்ணும் வந்திருக்குமா டாக்டர்?"

"வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. நீங்க அதை யோசிக்காதீங்க."

நான் அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. கண் வந்ததும் சொல்வதாகத்தான் பேச்சு. கண் வரவில்லை, நானும் சொல்லவில்லை. சளியையும் ஆடியையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். 'தாய்மாமன் பால் கொடுத்துக் கண்ணைக் கெடுத்தான்' என்பது மட்டும் நின்றுவிட்டது.

ஒரு வயதில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும், உங்கள் எல்லாருக்கும் தெரியும். "அந்தக் கையி அந்தக் கொயந்த மேல படக் கூடாது" என்று மாமியார் சொல்லிவிட்டார். என் பெரியப்பா மகனை உட்கார வைத்தார்கள். அண்ணன் சீர்த்தட்டைக் கட்டி, தோடு வாங்கி, மீன்பாடி வண்டியில் மண்டப வாசல் வரை வந்தார். அண்ணி மட்டும் தட்டை உள்ளே கொண்டுவந்தார். தோட்டை வாங்கிக்கொண்டார்கள். ஆளை உள்ளே விடவில்லை. ஊசி குத்தும்போது ஹரிணி போட்ட சத்தம் தெருவரை கேட்டிருக்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்று மண்டபத்தில் இருந்த உங்களில் பலருக்கு என் கையால்தான் சாம்பார் ஊற்றினேன்.

ஆதம்பாக்கம் வீட்டுக்கு அவர் வர முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வரும் நாட்களில் எதிர்ச்சாரி டீக்கடையில் நிற்பார். குழந்தைக்கு மயக்கம் கொடுத்துக் கண் அழுத்தம் பார்க்கும் நாட்களில் அங்கிருந்தே போன் செய்வார். "இன்னா பாப்பா, பையில பாலாடை இல்லியே?" என்பார். "பாலாடையே உன்கிட்டதானேண்ணா கீது" என்பேன். "அப்ப தைரியமா உள்ள அனுப்பு" என்பார். இதை வைத்துச் சிரிக்க அவரால் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவருடைய மகனே ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "ஏம்பா நீ பால் குட்த்த?" என்று கேட்டானாம். அண்ணன் சாப்பிட்டு முடித்துவிட்டு, "தெரியாம குட்த்துட்டேன்டா" என்றாராம்.

ஹரிணி பள்ளியில் சேர்ந்தபோது இன்னொரு பிரச்சினை வந்தது. பார்க்காத கண்ணுக்குப் பவர் எதற்கு என்று என் கணவர் இடது பக்கம் வெறும் கண்ணாடி போடச் சொன்னார். நியாயம்தான், பவர் கண்ணாடி விலை அதிகம், குழந்தை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் வலது கண் கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரியும், இடது கண் சின்னதாகத் தெரியும். பிள்ளைகள் 'பெரிய கண்ணு சின்னக் கண்ணு' என்று கூப்பிட்டார்கள். அவள் இடது கையால் அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டே நடக்கப் பழகிவிட்டாள். பள்ளி வாசலில் தூரத்தில் நின்று அண்ணன் இதைப் பார்த்திருக்கிறார். நேராக மயிலாப்பூர் கண்ணாடிக் கடைக்குப் போய், "ரெண்டும் ஒரே மாரி குண்டா போடு. லெப்ட்டு கணக்கு என் பேர்ல எய்து" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் வலது லென்ஸ் காசு என் கணவர் கொடுப்பார். இடது லென்ஸ் காசு அண்ணன் தவணையில் கொடுப்பார். கடைக்காரர்தான் மனசு வைத்து இடது லென்ஸைக் காசில்லாமல் போட்டுத் தருகிறார் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது. எந்நேரமும் ஈரச் செருப்பு. கேன் விழுந்து கால் விரலில் பட்ட காயத்தை யாரிடமும் சொல்லாமல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு லைனுக்குப் போயிருக்கிறார். அண்ணிக்கு நாற்றம் வந்துதான் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழ் எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே ஏறிவிட்டது. இருபத்திரண்டு நாள் கிடந்தார்.

கடைசிக்கு முந்தின நாள் நான் தனியாக இருந்தேன்.

"ண்ணா, இப்பவாவது எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்ணா."

"ஏன், நான் சாவப்போறேன்னு பயந்துகினு சொல்றியா?" என்று கண்ணை மூடியபடியே சிரித்தார். "ஆம்புலன்ஸ் நம்பர் கையில கீதா?"

"கேலி பண்ணாதண்ணா."

"சரி வுடு. புதுக் கண்ணாடி வந்துட்ச்சா? லெப்ட்டும் பெருசா தெர்தா?"

"வந்துட்ச்சுண்ணா. ரெண்டும் ஒரே மாரி கீது."

"அத்தோட வுடு" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை போய்விட்டார்.

சாவு வீட்டில், அண்ணனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவர் சொன்னார்: "கொயந்த கண்ணக் கெடுத்த பாவம். அதான் கால்ல வந்து நின்னுட்ச்சு." யார் என்று எழுதமாட்டேன், அவரும் இதைப் படிப்பார். அண்ணி அந்தப் பேச்சைக் கேட்டார். நானும் கேட்டேன். அப்போதும் நான் தரையைத்தான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். அண்ணனின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சட்டைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். பாலாடை.

"உன்னுதுதானே?"

ஆமென்று தலையாட்டினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. அந்தாளுக்குப் பாலாடை புடிக்கவே தெரியாது. என் புள்ளைக்கு ஒரு நாளு ஒரு வாய் ஊத்துனது இல்ல. ரெண்டு பாலாடை குட்த்தாராம், இத்த எல்லாரும் நம்புனீங்கோ. வாயத் தொறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. ஆளு போய்ட்டாரு, சத்தியமும் அவரோட போச்சு. வருசத்துக்கு மலர் போடுவோம்ல, அதுல நீயே எய்துறியா, இல்ல நான் வீடு வீடா போயி வாயால சொல்லட்டா?"

எழுதுகிறேன் என்றேன். ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை என் கணவரிடம் கொடுத்தேன். எது வந்தாலும் வரட்டும் என்று துணிமணிகளைக்கூடப் பையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் படித்து முடித்தார். தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவர அடிச்சேனே" என்றார். பை இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மாமியாருக்கு இன்னும் தெரியாது. இந்த மலர் கையில் கிடைக்கும்போது தெரியும். ஹரிணியிடமும் நான் வாயால் சொல்லவில்லை. ஒன்பது முடியப்போகிறது, அவளே படிப்பாள். மூக்கருகே வைத்துக்கொண்டு வலது கண்ணால் படிப்பாள். அச்சகத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னது அதற்காகத்தான்.

அண்ணன் படுக்கையில் கிடந்த நாட்களில் அவருடைய லைனில் ஒரு நாள்கூடத் தவறாமல் கேன் போட்டுக் காசை அண்ணியிடம் கொடுத்த அவருடைய கூட்டாளிகளுக்கும், டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்த மயிலாப்பூர் மாமிக்கும், ஒன்பது வருஷமாக என் ஒரே கேள்விக்குச் சலிக்காமல் பதில் சொல்லும் டாக்டரம்மாவுக்கும், அன்று அண்ணன் கூப்பிட்டதும் கதவிலேயே நின்ற நர்ஸம்மாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணி, உங்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அண்ணன் யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தால் சொல்லுங்கள் என்று காரியத்தன்று எல்லாரிடமும் கேட்டோம். யாரும் வரவில்லை. போன வாரம் ஹரிணியின் கண்ணாடிக் காது தளர்ந்துவிட்டதென்று நானே மயிலாப்பூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்கவில்லை, நான்தான் நோட்டைக் காட்டச் சொன்னேன். கடைசியாகப் போட்ட கண்ணாடியின் இடது லென்ஸ், பார்க்காத கண்ணுக்கானது, அண்ணன் பெயரில் இருக்கிறது. முன்பணமாக அவர் கட்டியது எண்ணூறு. மீதி என் கணக்கு, நான் கட்டவேண்டியது. பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய்.